மின்னொப்பமும் கோப்பின் பாதுகாப்பும்: விருத்தாசலம் பீங்கான் தொழில்முனைவோரை முன்வைத்து

முன்னுரை

கடலூர் மாவட்டத்தின் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையால் அறியப்படும் நகரம். இத்தகைய ஊர்களின் சிறு தொழில்முனைவோர் ஜிஎஸ்டி பதிவுச் சான்றிதழை இணையத்திலிருந்து பதிவிறக்குகின்றனர். அத்தளத்தில் டிஜிட்டல் கையொப்பமாகிய மின்னொப்பம் இடுவோர் எம்சைனர் என்னும் மென்பொருளையும் கணினியில் நிறுவுகின்றனர். மின்னொப்பம் உள்ள கோப்பு பாதுகாப்பானதே என்னும் எண்ணம் எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மின்னொப்பம் உணர்த்துவன

கோப்பு முழுவதும் முதலில் 'ஹேஷ்' எனப்படும் குறுகிய எண்தொடராகச் சுருக்கப்படுகிறது. ஒப்பமிடுபவர் தம்மிடம் மட்டுமே உள்ள தனித்திறவியால் அதன்மீது ஒப்பமிடுகிறார். பெறுபவரின் கணினி, அவருடைய பொதுத்திறவியைக் கொண்டு அதனைச் சரிபார்க்கிறது. கோப்பில் ஓரெழுத்து மாறினும் ஒப்பம் பொருந்தாது. பொதுத்திறவி இன்னாருடையது என்பதற்குச் சான்றளிப்பு நிறுவனங்கள் பொறுப்பேற்கின்றன. இந்தியாவில் அவற்றிற்கு உரிமம் வழங்குபவர், தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன்படி அமைந்த சான்றளிப்பு அதிகாரிகளின் கட்டுப்பாட்டாளர் ஆவார். எனவே, ஒப்பமிட்டவர் யார், அதன்பின் கோப்பு மாறியதா என்னும் இரண்டையே மின்னொப்பம் உணர்த்தும். உள்ளடக்கம் தீங்கற்றது என்பதற்கு அது சான்றாகாது.

ஒப்பம் பொய்த்த நிகழ்வுகள்

2017-இல் சிகிளீனர் மென்பொருளின் 5.33 பதிப்பு, தயாரிப்பு நிறுவனத்தின் செல்லத்தக்க ஒப்பத்துடனேயே தீநிரலைச் சுமந்து வெளிவந்தது. ஒப்பமிடுவதற்கு முன்னரே தீநிரல் உட்புகுந்திருந்தது. 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட், பிற நிறுவனங்களிடமிருந்து களவாடப்பட்ட திறவிகளால் ஒப்பமிடப்பட்டிருந்தது. 2014 ஜூலையில் இந்தியாவின் தேசிய தகவலியல் மையத்தின் சான்றளிப்பு அமைப்பிலிருந்து கூகுள் தளங்களின் பெயரில் முறையற்ற சான்றுகள் வெளிப்பட்டன; கட்டுப்பாட்டாளர் அவ்வமைப்பின் சான்றுகளை நீக்கினார். கோப்பு, திறவி, சான்றளிப்பவர் என மூன்று நிலைகளிலும் நம்பிக்கை பொய்க்கக்கூடும் என்பது இவற்றால் பெறப்படுகிறது.

சரிபார்க்கும் முறை

கோப்பை அதற்குரிய அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்தே பெறுதல் வேண்டும். விண்டோஸ் கணினியில் மென்பொருள் கோப்பின் 'பிராப்பர்ட்டீஸ்' பகுதியில் உள்ள 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' பட்டியைத் திறந்து, ஒப்பம் செல்லத்தக்கதா, ஒப்பமிட்டவர் பெயர் தயாரிப்பாளரின் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துள்ளதா எனக் காண வேண்டும். அதன்பின் நச்சுநிரல் தடுப்பானால் சோதித்த பின்னரே நிறுவுதல் தகும்.

பிடிஎஃப் ஆவணத்தின் மேல் தோன்றும் பச்சைக்குறி வெறும் படமாகவும் இருக்கலாம்; ஆகவே மென்பொருளின் ஒப்பப் பலகத்திலேயே காண வேண்டும். அரசு ஆவணங்களில் தோன்றும் 'வேலிடிட்டி அன்னோன்' என்னும் குறிப்பு போலியென்று பொருள்படாது; இந்திய மூலச்சான்று அம்மென்பொருளின் நம்பிக்கைப் பட்டியலில் இல்லை என்பதையே பெரும்பாலும் காட்டும். ஜிஎஸ்டி சான்றிதழாயின், அதிலுள்ள பதிவெண்ணை அரசின் தளத்தில் தேடி ஒப்பிடலாம்.

முடிவுரை

கலத்தின் அடியில் உள்ள முத்திரை செய்தவரைக் காட்டும், விரிசலைக் காட்டாது. விரிசலைத் தட்டிப் பார்த்தே அறிய வேண்டும். மின்னொப்பமும் அத்தகையதே. அது சோதனையின் தொடக்கமேயன்றி முடிவன்று.