ஒரு கையில் குழந்தை, மறு கையில் டிராலி

பிரசவத்துக்குப் பிறகு மூன்று மாதமோ ஐந்து மாதமோ தாய்வீட்டில் இருந்துவிட்டுக் குழந்தையோடு புகுந்த வீட்டுக்கு வருவது நம் ஊர் வழக்கம். சென்னையிலும் கோவையிலும் தனிக்குடித்தனம் நடத்தும் பல பெண்களுக்கு இன்று அது வாய்ப்பதில்லை. உதவிக்கு வந்த அம்மா ஒரு மாதத்தில் ஊருக்குத் திரும்பிவிடுகிறார். மத்திய அரசு ஊழியரான தந்தைக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் வேலையில் இருப்பவருக்குச் சட்டப்படி ஒரு நாள்கூடக் கிடையாது. அதற்குள் டயாபர் தீர்ந்திருக்கும், அரிசியும் தீர்ந்திருக்கும். தையல் முழுதாக ஆறாத வயிற்றோடு, கழுத்து நிற்காத குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் தனியாகச் சூப்பர் மார்க்கெட்டுக்குக் கிளம்புகிறாள்.

அவளுக்கு யோசனை சொல்ல ஆள் நிறைய உண்டு. பட்டியல் எழுதிக்கொள், காலையில் கூட்டமில்லாதபோது போ, பால் கொடுத்துவிட்டுக் கிளம்பு என்பார்கள். எல்லாம் சரிதான். ஆனால் கடைக்காரருக்கும் பால் மாவு நிறுவனத்துக்கும் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் அவள் விஷயத்தில் என்ன கடமை இருக்கிறது என்பதை யாரும் அவளிடம் சொல்வதில்லை. எல்லாவற்றையும் அவளுடைய சாமர்த்தியத்தின் தலையில் கட்டிவிடுகிறோம். அது நியாயமில்லை.

முதலில் குழந்தையின் உடல்நிலை. பிறந்த அன்று போடும் தடுப்பூசிகளுக்குப் பிறகு அடுத்த சுற்று ஆறாவது வாரத்தில்தான் வருகிறது. கக்குவான் இருமலுக்கு எதிரான பாதுகாப்பு அந்தச் சுற்றில்தான் தொடங்குகிறது. அதுவரை குளிரூட்டப்பட்ட, கூட்டம் நிறைந்த கடையைத் தவிர்க்க முடிந்தால் தவிர்ப்பது நல்லது. தெரு முனை மளிகைக் கடைக்குப் போன் செய்தால் பையன் கொண்டுவந்து கொடுத்துவிடுவான். செயலியில் ஆர்டர் போட்டாலும் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். இதைச் சோம்பேறித்தனம் என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். போயே ஆகவேண்டிய நாளில், “அய்யோ, எவ்வளவு குட்டி!” என்று கன்னத்தைக் கிள்ளவும் முத்தமிடவும் வருகிறவர்களிடம் “டாக்டர் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காருங்க” என்று சொல்லிவிடலாம். பெரியவர்களின் வாயோரக் கொப்புளத்தை உண்டாக்கும் ஹெர்பிஸ் கிருமி பச்சிளம் குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம். மூன்று மாதத்துக்குள் குழந்தையின் உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் ஒரு வயது வரையுள்ள குழந்தைக்குச் சிகிச்சை இலவசம். 2011-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் முதலில் 30 நாள் வரைக்குமே அந்த உறுதியைக் கொடுத்தது, பிறகு ஓராண்டாக நீண்டது.

அடுத்தது, எப்படிப் போவது? ஸ்கூட்டரில் கணவர் ஓட்ட, பின்னால் மனைவி கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போவதைத் தினமும் பார்க்கிறோம். 2023 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதி, நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை இருசக்கர வாகனத்தில் ஏற்றினால் ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டை வேண்டும் என்கிறது. வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்றும், ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வயது வரை குழந்தைக்கெனத் தனி ஹெல்மெட் வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. ஒன்பது மாதத்துக்குக் கீழே ஹெல்மெட்டைப் பற்றிய பேச்சே இல்லை, ஏனென்றால் அந்தக் கழுத்து ஹெல்மெட்டின் எடையைத் தாங்காது. அப்படிப்பட்ட குழந்தையை ஸ்கூட்டரில் ஏற்றவே வேண்டாம் என்பது என் கருத்து. ஆட்டோவில் போனால் திறந்த பக்கத்தை விட்டு நடுவில் உட்காருங்கள். காரில் பின்னிருக்கையில், பின்புறம் பார்த்த குழந்தை இருக்கையில்தான் குழந்தை இருக்க வேண்டும். முன்சீட்டில் மடியில் வைத்தால், சிறு மோதலில் விரியும் காற்றுப்பையே குழந்தையை நசுக்கிவிடும். பதினான்கு வயதுக்குட்பட்டவரைப் பாதுகாப்புப் பட்டையோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவில் 1,000 ரூபாய் அபராதம் உண்டு.

“தூங்குதே, ரெண்டு நிமிஷத்துல வந்துடலாம்” என்று குழந்தையைக் காரில் விட்டுப் போகாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பத்து நிமிடத்தில் வெப்பம் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறும். கண்ணாடியைச் சற்று இறக்கிவைப்பது பெரிதாக உதவாது. பெரியவர்களைவிடக் குழந்தையின் உடல் மிக வேகமாகச் சூடாகும்.

இனி கடைக்குள். டிராலியில் கைப்பிடிக்கு அருகில் இருக்கும் மடக்கு இருக்கை, தானாக உட்காரத் தெரிந்த குழந்தைக்கானது. ஆறு மாதத்துக்கு முன்பு அதில் வைக்கக் கூடாது. அதைவிட ஆபத்தானது, காரிலிருந்து கழற்றிய குழந்தை இருக்கையை அப்படியே டிராலியின் மேல் ஏற்றிவைப்பது. “பொருந்திடுச்சு” என்று தோன்றும். ஆனால் எடை முழுவதும் மேலே போய்விடுவதால், ஒரு சக்கரம் தடுக்கினாலே டிராலி குழந்தையோடு கவிழும். கூடைக்குள் துண்டு விரித்துப் படுக்கவைப்பதும் சரியில்லை, மேலே வைத்த எண்ணெய் பாக்கெட் சரிந்தால் போதும். அமெரிக்காவில் 2005-இல் மட்டும் டிராலி விபத்துகளுக்காக அவசர சிகிச்சைக்கு வந்த ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 20,000-க்கும் மேல். பெரும்பாலும் விழுந்து தலையில் அடிபட்டவர்கள். இதைச் சுட்டிக்காட்டிய அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் கழகம், முடிந்தவரை குழந்தையை டிராலியில் ஏற்றாமலிருக்கவே அறிவுறுத்தியது.

ஆக, குழந்தை உடம்போடு இருப்பதே மேல். பேபி கேரியரோ, இறுகக் கட்டிய பருத்திப் புடவையோ, எதுவானாலும் கவனிக்க வேண்டியவை இவைதான். குழந்தையின் முகம் எந்நேரமும் உங்கள் கண்ணில் பட வேண்டும். நீங்கள் தலை குனிந்தால் அதன் உச்சியில் முத்தமிடும் உயரத்தில் இருக்க வேண்டும். துணி மூக்கை மூடக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது மோவாய். அது நெஞ்சில் போய்க் குத்தினால் குழந்தையின் மூச்சுக்குழல் மடங்கிவிடும். அழக்கூடக் காற்றில்லாமல், தூங்குவதுபோலவே தெரிந்தபடி மூச்சடங்கும். மோவாய்க்கும் நெஞ்சுக்கும் இடையில் உங்கள் விரல் இரண்டு நுழைகிறதா என்று ஒவ்வொரு வரிசை திரும்பும்போதும் தொட்டுப் பாருங்கள். தொட்டில்போல் வளைந்து தொங்கும் துணிப்பை வகைகளில் இருபது ஆண்டுகளில் 14 குழந்தைகளாவது இறந்ததாக 2010 மார்ச்சில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது. நான்கு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கு அந்த ஆபத்து மிக அதிகம். கீழ்த்தட்டில் இருக்கும் பொருளை எடுக்க இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி உட்காருங்கள். அல்லது கடைப் பையனை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

சிசேரியன் ஆனவர் ஆறு வாரம் வரை குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது என்பார்கள் மருத்துவர்கள். 10 கிலோ அரிசி மூட்டையை டிராலியில் ஏற்றுவது, இறக்குவது, ஆட்டோவில் வைப்பது என்று ஒரே நடையில் மூன்று முறை தூக்க வேண்டியிருக்கும். இங்கேதான் உதவி கேட்கக் கூச்சப்படக் கூடாது. ஆனால் எதற்கு உதவி என்பதில் தெளிவு வேண்டும். “குழந்தையைக் குடும்மா, நான் வெச்சிருக்கேன்” என்று அன்போடு கை நீட்டுவார்கள். “ரொம்ப நன்றிங்கம்மா, இந்தக் கூடையை மட்டும் பிடிச்சுக்குங்க” என்று சுமையை அவர்களிடம் கொடுங்கள். முன்பின் தெரியாதவர் கையில் குழந்தை போகவே வேண்டாம். நாப்கின் ஒரு மணி நேரத்தில் நனைந்துவிடும் அளவுக்கு இரத்தப்போக்கு இருந்தாலோ தலை சுற்றினாலோ, பாதி நிறைந்த டிராலியை அங்கேயே விட்டுவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். பொருளை அடுக்கிவைப்பது கடையின் வேலை.

நாற்காலி பற்றியும் சொல்லியாக வேண்டும். துணிக்கடை, நகைக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை செய்த ஊழியர்களுக்கு இருக்கை தரச் சொல்லி 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டது. அருமையான திருத்தம். அதே கடைக்குப் பச்சை உடம்போடு வரும் பெண் உட்கார ஓர் இருக்கை போடுவதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மேலாளரிடம் கேளுங்கள். கேட்பவர் பெருகினால் நாற்காலி வரும்.

பால் மாவு அடுக்கும் தட்டருகே சற்று நிற்போம். பலருக்கும் தெரியாத, மிக வலுவான சட்டம் இங்கேதான் இருக்கிறது. 1992-ஆம் ஆண்டின் குழந்தைப் பால் மாற்றுப்பொருள், பாலூட்டும் புட்டி, குழந்தை உணவுச் சட்டம் 2003-இல் மேலும் இறுக்கப்பட்டது. இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கான பால் மாவு, ஆறு மாதத்துக்கு மேல் தரும் டப்பா உணவு, பால் புட்டி, நிப்பிள் ஆகிய எதற்கும் விளம்பரம் கூடாது. இலவச மாதிரி கூடாது. வாங்கத் தூண்டும் பரிசோ சலுகையோ எதுவும் கூடாது. விற்பனையை வளர்ப்பதற்காகக் கர்ப்பிணியையோ கைக்குழந்தையின் தாயையோ அணுகிப் பேசுவதே குற்றம். “ஒரு டின் வாங்கினா கிண்ணம் ஃப்ரீ” என்ற அட்டை குற்றம். நிறுவனச் சட்டை போட்ட பெண் உங்கள் குழந்தையைப் பார்த்ததும் “பால் போதுதாக்கா? இதை ட்ரை பண்ணிப் பாருங்க” என்று பொட்டலத்தை நீட்டினால் அதுவும் குற்றம். டப்பாவில் குழந்தையின் படமோ தாயின் படமோ இருக்கக் கூடாது, தாய்ப்பாலே சிறந்தது என்ற அறிவிப்பு பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். மீறினால் மூன்றாண்டு வரை சிறை உண்டு.

மருத்துவர் சொல்லியோ, வேறு வழியில்லாமலோ பால் மாவு வாங்கும் தாய் மீது இந்தச் சட்டத்தில் ஒரு சொல்கூட இல்லை. அவள் வாங்கலாம், கடை விற்கலாம். தூக்கமில்லாமல், பால் போதவில்லையோ என்ற பயத்தோடு நிற்கும் பெண்ணின் பலவீனமான நேரத்தைப் பார்த்து வியாபாரம் செய்யக் கூடாது என்பதுதான் சட்டத்தின் நோக்கம். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் போட்டோ எடுத்துக்கொண்டு, உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலரிடம் புகார் கொடுக்கலாம். இந்தச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடர அரசிதழில் அதிகாரம் அளிக்கப்பட்ட ‘பிபிஎன்ஐ’ என்ற இந்தியத் தாய்ப்பால் ஊக்குவிப்பு அமைப்புக்கும் அனுப்பலாம்.

குழந்தை பசித்து அழுதால் பால் கொடுக்க வேண்டியதுதான். இந்தியாவில் எந்தச் சட்டமும் அதைத் தடுக்கவில்லை. தாய்ப்பால் கொடுப்பது தாயின் பறிக்க முடியாத உரிமை, அரசமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் உரிமை என்று 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 பிப்ரவரி 19 அன்று நீதிபதிகள் நாகரத்னா, வராலே அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, பொது இடங்களில் பாலூட்டும் அறைகள் அமைக்கும்படி மாநிலங்களை வலியுறுத்தியது. பொது இடத்தில் பாலூட்டும் பெண்ணை இழிவாகப் பார்க்கக் கூடாது என்பதைக் குடிமக்களின் கடமையாகவும் நினைவூட்டியது. அந்தத் தீர்ப்பு அரசுகளை நோக்கியது. தனியார் கடை முதலாளியை நேரடியாகக் கட்டுப்படுத்தும் உத்தரவு அதில் இல்லை. ஆனாலும் “கழிப்பறையில போய்க் கொடுங்க” என்று சொல்லும் ஊழியரிடம், அங்கே யாரும் சாப்பிட மாட்டார்கள், என் குழந்தையும் சாப்பிடாது என்று நிமிர்ந்து சொல்ல அது போதும். துணி மாற்றும் அறையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அப்படிப்பட்ட தனியிடத்தில் ஒளிந்து பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவில் குற்றம். முதல் முறையே ஓராண்டுக்குக் குறையாத சிறை. உடனே 112-ஐயோ 181-ஐயோ அழையுங்கள்.

தூக்கம் கெட்ட தலையில் மறதி சகஜம். குழந்தையின் போர்வை மடிப்பில் வைத்த ஒரு டப்பா பில்லுக்கு வராமல் போகலாம். வாசலில் அலாரம் அடித்தால் பதற வேண்டாம், எடுத்துப் பில் போடச் சொல்லுங்கள். சந்தேகத்தின்பேரில் உங்கள் உடலையோ குழந்தையின் துணியையோ தடவிச் சோதிக்கக் காவலாளிக்கு அதிகாரமில்லை. போலீஸை அழைப்பதுதான் முறை. போலீஸ் வந்தாலும் பெண்ணைப் பெண்தான், கண்ணியம் குறையாமல், சோதிக்க வேண்டும்.

ஈரத்தரையில் வழுக்கினாலோ, உடைந்த சக்கரத்தால் டிராலி சாய்ந்தாலோ, அடுக்கு சரிந்து குழந்தைமேல் விழுந்தாலோ, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக் குறைபாடாக வழக்குப் போடலாம். “கடை பொறுப்பல்ல” என்ற பலகை உங்களைத் தடுக்காது. பில்லைப் பத்திரமாக வையுங்கள், நீங்கள் நுகர்வோர் என்பதற்கு அதுதான் சான்று. இடத்தைப் படமெடுங்கள், அன்றே மருத்துவரிடம் காட்டிச் சீட்டு வாங்குங்கள். கேமரா பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி மேலாளருக்கு அன்றைக்கே எழுத்தில் கொடுங்கள், சில நாளில் பதிவு தானாக அழிந்துவிடும். எம்ஆர்பிக்கு மேல் வாங்கினாலும், காலாவதியான பொருளைக் கொடுத்தாலும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் சொல்லிப் பார்க்கலாம்.

அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், தாய்வீட்டில் இருந்தால் அங்கிருந்தே. கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. புகாரை இணையம் வழியாகப் பதியலாம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட்டால் போதும், எனவே குழந்தைக்குத் தலை நின்ற பிறகு நிதானமாக எழுதலாம். விசாரணைக்குக் காணொலி வழியாக வர அனுமதி கேட்டு மனு கொடுக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது.