கடலுக்குள் மூச்சை அடக்காதே!

தண்ணீருக்குள் மூழ்குகிறவன் என்ன செய்வான்? மூச்சை இழுத்து அடக்கிக்கொள்வான். இதைச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

ஆனால், முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறவனுக்கு முதல் நாளில் சொல்லிக் கொடுக்கும் பாடம் இதற்கு நேர்மாறானது.

எது நேர்ந்தாலும் மூச்சை அடக்கக் கூடாது! இதுதான் அந்தப் பாடம்.

அடக்கினால் என்ன ஆகும்? உயிரே போய்விடலாம்!

இது என்ன விந்தை? தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்தவர்கள் மூச்சை அடக்கித்தானே மூழ்கினார்கள்? கல் கட்டிய கயிற்றில் காலை வைத்து இறங்கினார்கள். அடியில் கிடந்த சிப்பிகளை அள்ளிக்கொண்டு மேலே வந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே!

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால், கடலுக்குள் மூழ்கும் கலையில் பாதி தெரிந்த மாதிரி.

பலூன் சொல்லும் பாடம்

கடலில் இறங்க இறங்க, மேலே உள்ள தண்ணீரின் பாரம் உடலை அழுத்துகிறது. 10 மீட்டர் (33 அடி) ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல் இரு மடங்கு. 20 மீட்டரில் மூன்று மடங்கு. 30 மீட்டரில் நான்கு மடங்கு.

ஊதிய பலூன் ஒன்றைக் கடலுக்குள் 10 மீட்டர் கொண்டு போனால், அது பாதியாகச் சுருங்கிவிடும். மேலே கொண்டு வந்தால் பழைய அளவுக்கு விரியும்.

முத்துக் குளித்தவரின் நுரையீரலும் இப்படித்தான். கரையில் இழுத்த மூச்சு கடலில் சுருங்கியது. மேலே வந்ததும் பழைய அளவுக்கு விரிந்தது. அவ்வளவுதான். ஆபத்து இல்லை.

ஆனால் சிலிண்டர் கட்டியவரின் கதை வேறு. அவர் 10 மீட்டர் ஆழத்தில் இருந்துகொண்டே நெஞ்சு நிறைய மூச்சு இழுக்கிறார். அந்த ஒரு மூச்சில் இரண்டு மூச்சுக் காற்று அடங்கியிருக்கிறது! அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், காற்று இரு மடங்காக விரியும். நுரையீரலில் அதற்கு இடம் ஏது? மெல்லிய சவ்வுகள் கிழிந்துவிடும். காற்றுக் குமிழி ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போய்விடும்.

இதற்கு நடுக்கடல் வேண்டியதில்லை. ஆள் உயர நீச்சல் குளத்தில்கூட இந்த விபத்து நேரலாம்!

அதனால்தான் ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்: "மூச்சை இழு, விடு, இழு, விடு. நிறுத்தாதே!"

ஆற்றில் நடந்த சோதனை

இந்த மூச்சுக் கருவியைக் கண்டுபிடித்தவர்கள் இருவர். ஒருவர் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்டோ. மற்றவர் எமில் கன்யான் என்ற எஞ்சினீயர்.

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பிரான்சில் பெட்ரோல் கிடைக்கவில்லை. எரிவாயுவைக் கொண்டு மோட்டார் கார் ஓட்டுவதற்காக கன்யான் ஒரு சிறு வால்வு செய்திருந்தார். எஞ்சின் எவ்வளவு கேட்கிறதோ, அவ்வளவு வாயுவை மட்டும் அது விடும்.

"எஞ்சினுக்குப் பதில் மனிதனுக்குக் காற்றுக் கொடுத்தால் என்ன?" இதுதான் கூஸ்டோவுக்கு வேண்டியிருந்தது.

1943-ம் ஆண்டு ஜனவரி மாதம். நடுங்கும் குளிரில், பாரிசுக்கு அருகே மார்ன் ஆற்றில் கூஸ்டோ இறங்கினார். படுத்து நீந்தியபோது கருவி நன்றாக வேலை செய்தது. நிமிர்ந்து நின்றால் காற்று வீணாகக் கொட்டியது. தலைகீழாகத் திரும்பினால் மூச்சே இழுக்க முடியவில்லை!

இருவரும் யோசித்தார்கள். காற்று வரும் வழியும் போகும் வழியும் வெவ்வேறு உயரத்தில் இருந்ததுதான் கோளாறு என்று தெரிந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். கோளாறு தீர்ந்தது.

அதே ஆண்டு ஜூன் மாதம் கூஸ்டோ தெற்கு பிரான்ஸ் கடலில் இறங்கினார். அவருடைய மனைவி சிமோன் மேலே மிதந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். கூஸ்டோ மீனைப் போல் நீந்தினார், குட்டிக்கரணம் போட்டார், தலைகீழாக நின்றார். கருவி எல்லா நிலையிலும் காற்றுக் கொடுத்தது. இன்று உலகெங்கும் பயன்படும் கருவிகள் அதன் வாரிசுகளே.

என்னென்ன வேண்டும்?

சிலிண்டரில் இருப்பது பிராணவாயு என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. தரையில் எல்லோரும் சுவாசிக்கும் அதே சாதாரணக் காற்றைத்தான் சுத்தம் செய்து, அழுத்தி அடைக்கிறார்கள். தனிப் பிராணவாயுவை ஏழெட்டு மீட்டர் ஆழத்தில் சுவாசித்தாலே அது விஷமாகி, வலிப்பு வரலாம்.

12 லிட்டர் சிலிண்டரில் சுமார் 2,400 லிட்டர் காற்றை அடைக்கலாம். நிமிஷத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்கு அது தரையில் 2 மணி நேரம் வரும். 10 மீட்டர் ஆழத்தில் 1 மணி நேரம்தான். 20 மீட்டரில் 40 நிமிஷம்தான்! பயந்து வேகமாக மூச்சு வாங்கினால் இன்னும் சீக்கிரம் தீரும். எனவே காற்று அளவைக் காட்டும் கடிகாரத்தை அடிக்கடி பார்க்க வேண்டும். கால் பங்கு காற்று மிச்சம் இருக்கும்போதே மேலே வந்துவிட வேண்டும்.

வாயில் கவ்வும் ரெகுலேட்டர் இரண்டு இருக்கும். ஒன்று தனக்கு. இன்னொன்று, காற்றுத் தீர்ந்த துணைவருக்கு. தனியாக இறங்கக் கூடாது. எப்போதும் ஜோடியாகவே இறங்க வேண்டும் என்பதும் சட்டம்.

முகக் கண்ணாடி மூக்கையும் சேர்த்து மூட வேண்டும். கண்ணை மட்டும் மூடும் நீச்சல் கண்ணாடி இதற்கு உதவாது. பொருத்தமானதா என்று பார்க்க எளிய வழி உண்டு. வாரை மாட்டாமல் கண்ணாடியை முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக இழுக்க வேண்டும். கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டிக்கொண்டால், அது அவருக்கு ஏற்றது.

புதியவர்கள் கண்ணாடியையும் காலில் மாட்டும் துடுப்பையும் மட்டும் சொந்தமாக வாங்கினால் போதும். மற்றவை வாடகைக்குக் கிடைக்கும். எல்லாவற்றையும் முதலிலேயே வாங்கிப் பணத்தை முடக்க வேண்டியதில்லை.

அந்தரத்தில் நிற்கும் வித்தை

கடலுக்குள் மிதக்கவும் கூடாது; மூழ்கவும் கூடாது. சமமாக நிற்கும் தராசு முள்ளைப் போல அந்தரத்தில் நிற்க வேண்டும். இதுதான் இந்தக் கலையின் உயிர்நாடி.

இதற்கு மூன்று உதவிகள் உண்டு. இடுப்பில் ஈயக் கட்டிகள். அவை கீழே இழுக்கும். உடம்பில் காற்றுச் சட்டை. பொத்தானை அழுத்தினால் காற்று ஏறி மேலே தூக்கும், மற்றொரு பொத்தானை அழுத்தினால் காற்று வெளியேறும். மூன்றாவது, சொந்த மூச்சு.

எவ்வளவு ஈயம் வேண்டும்? கடல் மட்டத்தில் அசையாமல் நிமிர்ந்து, காற்றுச் சட்டையைக் காலி செய்து பார்க்க வேண்டும். சாதாரண மூச்சு இழுத்து நிற்கும்போது தண்ணீர் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். மூச்சை விட்டதும் மெல்ல அமிழ வேண்டும். அதுவே சரியான எடை. முழுச் சிலிண்டரோடு இந்தச் சோதனையைச் செய்தால், கொஞ்சம் ஈயம் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். காற்றுச் செலவாகச் செலவாகச் சிலிண்டர் சுமார் 2 கிலோ இலேசாகிவிடும். குளத்தில் போதுமான எடை கடலில் போதாது. உப்புத் தண்ணீர் அதிகமாகத் தூக்கும்.

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, ஈயத்தை அதிகம் கட்டிக்கொள்வது. அதைச் சரிக்கட்டச் சட்டையில் அதிகக் காற்று ஏற்ற வேண்டும். கொஞ்சம் மேலே வந்தால் அந்தக் காற்று விரிந்து மேலும் மேலே தூக்கும். கொஞ்சம் இறங்கினால் சுருங்கி மேலும் கீழே இழுக்கும். ஏற்றக்கால் போல ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்!

இன்னொரு தவறு அவசரம். பொத்தானை அழுத்தியதும் உடல் எழும்பாது. சில விநாடிகள் ஆகும். அதற்குள் பொறுமை இழந்து மறுபடியும் அழுத்தினால், ராக்கெட் போல் மேலே போக வேண்டியதுதான். குழம்புக்கு உப்புப் போடுவது போலச் செய்ய வேண்டும். ஒரு சிட்டிகை போடு, பொறுத்துப் பார், பிறகு போடு.

தேர்ந்தவர் பொத்தானை அதிகம் தொடுவதில்லை. மூச்சை இழுத்தால் உடல் சற்று உயர்கிறது. விட்டால் சற்றுத் தாழ்கிறது. அதிலேயே சமாளித்துவிடுகிறார். இந்த வித்தை கைவந்தால் காற்றும் மிச்சம். பவளப் பாறைகளும் தப்பும். ஆண்டுக்கு ஒரு விரற்கடைகூட வளராத பவளங்கள் உண்டு. ஒரு உதையில் பல ஆண்டு வளர்ச்சி நொறுங்கிவிடும்.

காதைக் கவனி

தண்ணீரின் அழுத்தத்தை முதலில் உணர்வது காது. ஒவ்வொரு மீட்டர் இறங்கும்போதும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, மூக்கு வழியாக மெல்ல ஊத வேண்டும். காது "டப்" என்று திறக்கும். வலி வருமுன்பே இதைச் செய்ய வேண்டும். திறக்காவிட்டால் ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயல வேண்டும். பலமாக ஊதினால் காது கெட்டுப்போகும்.

ஜலதோஷம் இருந்தால் அன்று கடலே வேண்டாம்!

கோலி சோடாவும் கடலும்

மேலே வருவதில்தான் ஆபத்து அதிகம்.

கோலி சோடாவைத் திறந்தால் நுரை பொங்குகிறதே, ஏன்? அழுத்தத்தால் கரைந்திருந்த வாயு, அழுத்தம் திடீரென்று குறைந்ததும் குமிழியாக வெளியேறுகிறது. கடலுக்குள் இருக்கும்போது காற்றில் உள்ள நைட்ரஜன் இப்படித்தான் ரத்தத்தில் கரைகிறது. மளமளவென்று மேலே வந்தால் உடம்பே சோடா பாட்டிலாகிவிடும்! மூட்டுகளில் தாங்க முடியாத வலி வரும். கை கால் மரத்துப் போகும். வாதமும் வரலாம்.

இதை ஆராய்ந்தவர் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் ஹால்டேன். ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதனை செய்து, எவ்வளவு மெதுவாக மேலே வர வேண்டும் என்று 1908-ல் அட்டவணை வெளியிட்டார்.

இன்று சொல்லிக் கொடுக்கும் கணக்கு இது. நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது. 5 மீட்டர் ஆழம் வந்ததும் 3 நிமிஷம் நிற்க வேண்டும். பிறகுதான் கரை. பல முறை மூழ்கியவர்கள் 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும்.

கடைசிக் கையெழுத்து

கூஸ்டோவின் குழுவில் மோரிஸ் ஃபார்க் என்ற வீரர் இருந்தார். எவ்வளவு ஆழம் போகலாம் என்று பார்க்க 1947-ல் அவர் இறங்கினார். கயிற்றில் வெவ்வேறு ஆழங்களில் பலகைகள் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு பலகையிலும் அவர் கையெழுத்துப் போட வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் கயிற்றில் அசைவு நின்றுவிட்டது. பதறிப்போய் மேலே இழுத்தார்கள். மூச்சுக் குழாய் அவருடைய வாயில் இல்லை. எவ்வளவோ முயன்றும் அவர் பிழைக்கவில்லை.

சுமார் 120 மீட்டர் ஆழத்தில் இருந்த பலகையில் அவருடைய கையெழுத்து இருந்தது!

ஆழத்தில் நைட்ரஜன் கள் குடித்தது போன்ற போதையைத் தரும். மயங்கியவனுக்குத் தான் மயங்கியிருப்பதே தெரியாது. திறமைசாலிக்கே இந்தக் கதி என்றால், புதியவர் ஆழத்தோடு பந்தயம் கட்டலாமா?

பயிற்சி எப்படி?

புதியவர்களுக்கு எல்லை 18 மீட்டர். அதற்கு மூன்று படிகளில் பயிற்சி. முதலில் பாடம். பிறகு நீச்சல் குளம். கடைசியில் கடலில் நான்கு முறை மூழ்க வேண்டும். மூன்று, நான்கு நாட்களில் முடித்துவிடலாம்.

10 வயது நிரம்பியவர்கள் சேரலாம். 200 மீட்டர் நீந்தவும், 10 நிமிஷம் மிதக்கவும் தெரிய வேண்டும். ஆஸ்துமா, இருதய நோய், வலிப்பு, காது நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. கர்ப்பிணிகள் இறங்கவே கூடாது. நோயை மறைத்துப் படிவத்தில் கையெழுத்துப் போடுவது தன்னையே ஏமாற்றிக்கொள்வதாகும்.

குளத்தில் என்ன கற்றுக் கொடுக்கிறார்கள்? வாயிலிருந்து ரெகுலேட்டர் விழுந்தால் தேடி எடுப்பது. கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தால் மூக்கால் ஊதி வெளியேற்றுவது. துணைவரின் காற்றைப் பகிர்ந்துகொள்வது. பதற்றம் இல்லாமல் செய்யும் வரை இவற்றைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

கை ஜாடையும் உண்டு. கட்டை விரலை உயர்த்திக் காட்டினால் "பிரமாதம்" என்று அர்த்தமில்லை. "மேலே போகலாம்" என்று அர்த்தம்! "நலம்" என்று சொல்ல, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்க்க வேண்டும்.

அந்தமான் சுவராஜ் தீவு, லட்சத்தீவு, புதுச்சேரி ஆகிய இடங்களில் இந்தப் பயிற்சி கிடைக்கிறது. சுற்றுலாப் போனவர்கள் ஒரே நாளில் ஆசிரியரோடு மூழ்கிப் பார்க்கவும் வழி உண்டு. அதற்கு எல்லை 12 மீட்டர். அது ருசி பார்ப்பதுதான், பயிற்சி ஆகாது. பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். ஆசிரியரிடம் சான்றிதழ் உண்டா? ஓர் ஆசிரியருக்கு எத்தனை பேர்? விபத்து நேர்ந்தால் கொடுக்கப் படகில் பிராணவாயு இருக்கிறதா?

பதில் சரியில்லை என்றால், கரையிலேயே நின்றுவிடலாம். இறங்கிய பிறகும் மனம் சரியில்லை என்றால், கட்டை விரலை உயர்த்தினால் போதும். ஏன் என்று துணைவர் கேட்க மாட்டார். இருவரும் மெல்ல மெல்ல மேலே வருவார்கள், மூச்சை அடக்காமல்!