கீஸருக்கும் கொஞ்சம் கவனிப்பு!

நடுவே கரி போடும் குழாயுடன் கொல்லைப்புறத்தில் ஜம்மென்று நின்றிருந்த செப்புப் பாய்லரை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதற்குச் செய்த உபசாரம் கொஞ்சநஞ்சமா? கரி, புகை, ஊதி ஊதிச் சிவந்த கண்கள்! போதாததற்குப் புளி போட்டுத் தேய்க்கும் வேலை வேறு. இப்போது குளியலறைச் சுவரில் கீஸர் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஸ்விட்சைத் தட்டினால் வெந்நீர். அதனாலேயே அதை அடியோடு மறந்துவிடுகிறோம். அது படுத்துக்கொண்டால்தான் ஞாபகம் வருகிறது.

மறந்துவிடக் கூடிய சாமானா அது? தண்ணீரும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் குடித்தனம் செய்கின்றன. அதன் கீழேதான் நம் குழந்தைகள் ஈர உடம்போடு நிற்கிறார்கள். ஆகவே, அதன் உள்விவகாரத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லதில்லையா?

கீஸரின் வயிற்றில் ஒரு டாங்க் இருக்கிறது. அதற்குள் தண்ணீரைக் காய்ச்சும் மின்சாரக் கம்பி. சாதாரணமாக இதன் சக்தி 2,000 வாட். குறித்த சூடு வந்ததும் மின்சாரத்தை நிறுத்துவது தெர்மோஸ்டாட். அது தவறிவிட்டால் குறுக்கே வந்து காப்பாற்றுவது கட்-அவுட். 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் காய்ச்ச இந்தக் கம்பிக்குச் சுமார் 17 நிமிஷம் போதும்; அரை யூனிட்டுக்குச் சற்று அதிகமாகச் செலவாகும். விடியற்காலையில் போட்ட ஸ்விட்சைப் பத்து மணிக்கு அணைப்பவர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும்!

சென்னையில் போர்வெல் தண்ணீரை உபயோகிக்கும் வீடுகளில் கீஸருக்கு முதல் விரோதி உப்பு. உப்புத் தண்ணீர் காயக் காய, அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து வெள்ளைக் காரையாகக் கம்பியின் மேல் படிகிறது. கம்பியின் சூடு தண்ணீருக்குச் சுலபமாகப் போக முடியாமல், கம்பியே அதிகமாகக் காய்ந்து சீக்கிரம் கருகிவிடுகிறது. கீஸருக்குள் களகளவென்றோ மடமடவென்றோ சத்தம் கேட்கிறதா? முன்னைப்போல் இரண்டு வாளி வெந்நீர் வருவதில்லையா? காரை கட்டிவிட்டது என்று சந்தேகிக்கலாம். மெக்கானிக் கம்பியைக் கழற்றி வினிகரிலோ எலுமிச்சை உப்புக் கரைசலிலோ ஊற வைத்தால் காரை கரைந்துவிடும். பாட்டி புளி போட்டுத் தேய்த்தாளே, அதே ரஸாயனம்தான்! போர்வெல் தண்ணீராயிருந்தால் வருஷத்துக்கு ஒரு முறை இந்தக் கைங்கரியம் அவசியம்.

அப்போதே இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். எனாமல் பூசிய டாங்குக்குள் மக்னீஷியம் கம்பி ஒன்று தொங்கும். ‘ஆனோட்’ என்பார்கள். அரிப்பைத் தான் ஏற்றுக்கொண்டு டாங்கைக் காப்பாற்றுவதே அதன் வேலை. கப்பலின் அடியில் அடித்த செப்புத் தகட்டைக் கடல் நீர் அரிக்காமலிருக்க, அதோடு இரும்பையோ துத்தநாகத்தையோ சேர்த்து வைக்கலாம் என்று 1824-ல் இங்கிலாந்து விஞ்ஞானி ஹம்ப்ரி டேவி சொன்னார். அந்த யுக்திதான் நம் குளியலறைக்கும் வந்திருக்கிறது. கம்பி பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அது தீர்ந்துபோனால் அடுத்தபடி அரிக்கப்படுவது டாங்க்தான்.

இனி, மிக முக்கியமான விஷயம். தண்ணீர் உள்ளே போகும் குழாயில் சிறிய வால்வு ஒன்று இருக்கும். கீஸர் காயும்போது அதிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழும். “ஐயோ, ஒழுகுகிறதே!” என்று அதைச் சிலர் அடைத்துவிடுகிறார்கள். வேண்டாம், வேண்டவே வேண்டாம்! தண்ணீர் காய்ந்தால் பெருகும். 15 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்கு வரும்போது ஏறக்குறைய ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி லிட்டர், அதிகமாகிவிடும். அந்த ஒரு டம்ளருக்குப் போக்கிடம் வேண்டாமா? வால்வை அடைத்துவிட்டு, தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் பழுதாகிவிட்டால் டாங்க் வெடிக்கக் கூடும். ஒரு லிட்டர் நீர் முழுவதும் ஆவியானால் சுமார் 1,600 லிட்டர் இடத்தை அடைக்கும்; சுவரே தாங்காது. ஸ்விட்சை அணைத்த பிறகும் ஓயாமல் சொட்டினால் வால்வை மாற்ற வேண்டும், அடைக்கக் கூடாது.

மின்சார விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். 16 ஆம்பியர் பிளக், சரியான எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மூன்றும் இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை ஆர்.சி.சி.பி.யின் ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். குளிக்கப் போகுமுன் கீஸரை அணைத்துவிடுவது நல்ல வழக்கம். 60 டிகிரி வெந்நீர் சில விநாடிகளிலேயே தோலை வேகவைத்துவிடும். ஆகையால் குழந்தைகளுக்கு வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகுதான் வெந்நீர். ஊருக்குப் போய்த் திரும்பினால், வெந்நீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்த பிறகே ஸ்விட்சைப் போடுங்கள். காலி டாங்கில் கம்பி எரிந்துவிடும்.

ரிப்பேர் செய்வதா, புதிது வாங்குவதா என்ற வழக்கு எல்லா வீட்டிலும் வரும். கம்பி, தெர்மோஸ்டாட், வால்வு, ஆனோட், வாஷர் இவற்றில் எது போனாலும் மாற்றிக்கொள்ளலாம். டாங்க்கே ஓட்டையாகிவிட்டால் மட்டும் அதற்கு மேல் ஒரு காசும் செலவழிக்காதீர்கள். ஆனால் ஒழுகல் டாங்கிலிருந்தா, வாஷரிலிருந்தா என்று கண்ணால் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

புதிது வாங்கும்போது ஐ.எஸ். 2082 என்ற எண்ணுடன் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நட்சத்திரம் கூடக் கூட, சும்மா இருக்கும்போது வீணாகும் சூடு குறையும். அடுக்கு மாடி வீட்டுக்காரர்கள் 8 பார் அழுத்தம் தாங்குவதாகக் கேளுங்கள். 25 லிட்டர் கீஸரில் தண்ணீர் மட்டுமே 25 கிலோ! மாட்டும் சுவர் கெட்டியானதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கீஸரை மெக்கானிக் கடைசியாகத் திறந்து பார்த்தது எப்போது? வருஷம் நினைவுக்கு வரவில்லையென்றால், இந்த வாரமே ஆளைக் கூப்பிட்டுவிடுங்கள். வந்தவரிடம் முதலில் அந்த வால்வைக் காட்டச் சொல்லுங்கள்!