கேட்டுக் கற்ற இசையமைப்பாளர்

இசையைக் குருவிடம் பயில்வது நம் நாட்டு மரபு. ஆயினும், செவியையே குருவாகக் கொண்டு உயர்ந்தோரும் உளர். அவர்களுள் ஒருவர் வங்காளத்தைச் சேர்ந்த சலில் சௌத்ரி.

சலிலின் தந்தை அசாம் தேயிலைத் தோட்டத்தில் மருத்துவராகப் பணியாற்றினார். வீட்டில் மேலைநாட்டுச் செவ்வியல் இசைத்தட்டுகள் இருந்தன. அவற்றைக் கேட்டு வளர்ந்த சலில், தோட்டத் தொழிலாளரின் நாட்டுப்புறப் பாடல்களையும் கேட்டார். இவ்விரு இசையும் அவர் உள்ளத்தில் ஒன்றாய்க் கலந்தன. புல்லாங்குழல், பியானோ முதலிய கருவிகளை வாசிக்கப் பழகினார்.

1943ஆம் ஆண்டு வங்காளத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். அக்காலத்தில் மாணவராக இருந்த சலில், உழவர் துயரைப் பாடல்களாக்கி ஊர்தோறும் பாடினார். இசை, பொழுதுபோக்கு மட்டுமன்று. துன்புறுவோரின் குரலும் ஆகும் என்பதை அவர் உணர்ந்தார்.

அவர் எழுதிய கதையொன்று, 1953இல் 'தோ பீகா ஜமீன்' என்னும் இந்தித் திரைப்படமாயிற்று. கடனிலிருந்து நிலத்தை மீட்கக் கல்கத்தா சென்று ரிக்‌ஷா இழுக்கும் உழவனின் கதை அது. பிழைப்புக்காக ஊரைவிட்டுச் செல்வோரின் துயரை அப்படம் காட்டியது. அதற்கு இசையமைத்தவரும் சலிலே.

1965இல் வெளிவந்த 'செம்மீன்' என்னும் மலையாளப் படத்திற்கும் அவர் இசையமைத்தார். மலையாளம் அவருடைய தாய்மொழி அன்று. எனில், அது எவ்வாறு இயன்றது? பெரும்பாலும் மெட்டை முதலில் அமைப்பது அவர் வழக்கம். கவிஞர் அம்மெட்டின் ஏற்ற இறக்கங்களுக்கு ஏற்பச் சொற்களைப் பொருத்துவார். 'செம்மீன்' பாடல்களை எழுதியவர் வயலார் இராமவர்மா. கேரள மக்கள் அப்பாடல்களைத் தம் கடற்கரையின் பாடல்களாகவே ஏற்றுக்கொண்டனர்.

தமிழுக்கும் அவர் பங்களித்துள்ளார். பாலு மகேந்திரா இயக்கிய 'அழியாத கோலங்கள்' (1979) படத்தின் இசை அவருடையது. இளையராஜாவும் தம் தொடக்க காலத்தில் சலிலின் இசைக்குழுவில் கிட்டார் வாசித்தவரே.

1995ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் சலில் மறைந்தார். வங்காளி, இந்தி, மலையாளம், தமிழ் எனப் பல மொழிகளில் அவர் இசை இன்றும் வாழ்கிறது. கூர்ந்து கேட்பவர்க்கு எம்மொழியும் அயலாவதில்லை என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

சிந்தித்து எழுதுக: நீ வாழும் ஊரில் வேற்றுமொழிப் பாடல் ஒன்றைக் கேட்டிருப்பாய். பொருள் முழுதும் விளங்காதபோதும் அது உன்னைக் கவர்ந்தது ஏன்?