மதியம் ஒரு குட்டித் தூக்கம்

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஆபீஸ்ல கண்ணு சொக்குதா நேயர்களே? கொஞ்சம் சாய்ஞ்சா தப்பா?

இதை நம்ம சென்னையிலயே சோதிச்சுப் பார்த்திருக்காங்க. 2021-ல வெளியான ஆய்வு. டேட்டா என்ட்ரி செய்றவங்க கையில, தூக்கத்தை அளக்குற ஒரு வாட்ச். படுக்கையில இருந்தது 8 மணி நேரம், தூங்கினதோ அஞ்சரைதான்! புழுக்கம், கொசு, தெருச் சத்தம்... மயிலாப்பூர் சந்துல இருக்கிறவங்களுக்குச் சொல்லணுமா என்ன?

ராத்திரித் தூக்கத்தைக் கிட்டத்தட்ட அரை மணி கூட்டியும் வேலையில பெரிசா மாற்றமில்லை. ஆனா மதியம் கண்ணயர அரை மணி கிடைச்சவங்களுக்குக் கவனம் கூடுச்சு, மனசு தெளிஞ்சுது, வேலையும் வேகமாச்சு.

உடனே மேனேஜர்கிட்ட ஓடாதீங்க! தூங்காம அந்த நேரத்துலயும் வேலை பார்த்தவங்களுக்குத்தான் மொத்தச் சம்பாத்தியம் கொஞ்சம் கூடுதல்.