டார்ச் வெளிச்சம் கூட என்ன செய்யலாம்?

இரவில் மோட்டார் போட வயலுக்குப் போக வேண்டியிருக்கிறது. இருட்டில் பாம்பு கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்பு கடித்து இறந்தார்கள் என்று ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது. அவர்களில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். இரவில் நடப்பவர் கையில் நல்ல வெளிச்சம் வேண்டும்.

குறைந்த விலை எல்.இ.டி. டார்ச் புதிதில் பளிச்சென்று எரியும். நாளானால் மங்கிவிடும். உடனே தூக்கி எறிய வேண்டாம். வெளிச்சம் எங்கே குறைகிறது என்று முதலில் பாருங்கள்.

பேட்டரியைப் பாருங்கள்

புது பேட்டரி போட்டுப் பாருங்கள். நன்றாக எரிந்தால் குறை பழைய பேட்டரியில்தான். எல்லா பேட்டரியையும் ஒன்றாக மாற்றுங்கள். பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள். கலந்தால் புதியதும் சீக்கிரம் தீரும்.

சிலர் தீர்ந்த பேட்டரியை வெயிலில் வைப்பார்கள். அது சிறிது நேரம் எரியும். ஆனால் புதுச் சக்தி ஏறாது. பேட்டரி கசிந்து டார்ச்சையே கெடுக்கலாம்.

துருவைப் போக்குங்கள்

புது பேட்டரி போட்டும் மங்கலா? பேட்டரியைத் தொடும் ஸ்பிரிங்கையும் தகட்டையும் பாருங்கள். துருவும் வெள்ளைப் பூப்பும் மின்சாரத்தைத் தடுக்கும். பேட்டரியை எடுத்துவிட்டு உப்புத்தாளால் தேயுங்கள். காய்ந்த துணியால் துடையுங்கள்.

முன் கண்ணாடியையும் துடையுங்கள். உள்ளே பளபளக்கும் கிண்ணத்தை அழுத்தித் தேய்க்காதீர்கள். அதன் பூச்சு போய்விட்டால் வெளிச்சம் மேலும் குறையும்.

பல்பை மாற்றலாமா?

மாற்றலாம். மலிவான எல்.இ.டி. நாளடைவில் மங்கும். ரிப்பேர் கடையில் அதே அளவுள்ள தரமான எல்.இ.டி. போடச் சொல்லுங்கள். நல்ல எல்.இ.டி. அதே மின்சாரத்தில் கூடுதல் வெளிச்சம் தரும்.

வெள்ளை எல்.இ.டி.க்குச் சுமார் 3 வோல்ட் போதும். பல டார்ச்சுகளில் மின்சாரத்தை அளவாக விட ரெசிஸ்டர் என்ற சிறு பொருள் இருக்கும். அதை எடுத்துவிட்டால் வெளிச்சம் கூடும். ஆனால் சூடு ஏறி எல்.இ.டி. கருகிவிடும். பேட்டரியும் சீக்கிரம் தீரும். பாதி வழியில் டார்ச் அணைந்தால் என்ன பயன்?

சார்ஜ் போடும் டார்ச்

இவற்றில் பலவற்றில் 4 வோல்ட் ஈய பேட்டரி இருக்கும். அதைக் காலியாக விட்டு வைத்தால் கெட்டுவிடும். பயன்படுத்தாவிட்டாலும் மாதம் ஒரு முறை சார்ஜ் போடுங்கள். பேட்டரி கெட்டால் அதே வகை, அதே வோல்ட் பேட்டரி மாற்றுங்கள். ஈய பேட்டரி இருந்த இடத்தில் லித்தியம் பேட்டரி வைக்கக் கூடாது. சார்ஜ் ஏறும்போது தீப்பிடிக்கலாம்.

ஒன்றை மறக்கக் கூடாது. பிளக்கில் இருக்கும்போது டார்ச்சைத் திறக்காதீர்கள். சில மலிவான டார்ச்சுகளுக்குள் வீட்டு மின்சாரம் நேராக வரும். அது 230 வோல்ட். தொட்டால் உயிர் போகும்.

நடக்கும்போது வெளிச்சத்தைத் தூரத்து மரத்தில் அடிக்காதீர்கள். காலுக்கு முன்னால் இரண்டு மூன்று அடி தள்ளி அடியுங்கள். அடுத்த அடி வைக்கும் இடம்தான் முதலில் தெரிய வேண்டும்.