முக்கால் இஞ்ச் கவசம்

ஒருநாள் விடியற்காலையில் எங்கள் வீட்டு ஜன்னல் சன்ஷேடின் அடியிலிருந்து சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது. கொத்தனார் அண்ணாந்து பார்த்தார். "பூச்சு சரியில்ல சார்" என்று சிமென்ட் குழைத்து அப்பிவிட்டுப் போனார். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அதே இடம் மறுபடி விழுந்தது. இம்முறை பாளத்தைத் திருப்பிப் பார்த்தேன். கம்பி படிந்திருந்த பள்ளம். அதில் ஏடு ஏடாக உரியும் கருஞ்சிவப்புத் துரு.

பூச்சின் மேல் பழி போட்டது தப்பு. உள்ளேயிருந்த கம்பி பருத்துவிட்டது. துருவாக மாறும் இரும்பு, முன்பு இருந்ததைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். மேலிருந்து அழுத்தும் பாரத்தைக் கான்கிரீட் நன்றாகத் தாங்கும். ஆனால் உள்ளிருந்து நெட்டித் தள்ளினால் சீக்கிரமே விண்டுவிடும். முதலில் கம்பி ஓடும் வழியிலேயே மயிரிழை விரிசல், பிறகு பழுப்புக் கறை, கடைசியில் பாளம்.

கட்டிய புதிதில் ஏன் துருப்பிடிக்கவில்லை? புதுக் கான்கிரீட்டில் காரம் அதிகம், பிஎச் 12.5க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்று படிந்து காவல் காக்கிறது. ஆனால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு நுண்துளைகள் வழியே நுழைந்து, அங்குள்ள சுண்ணாம்பைக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றியபடி மெல்ல உள்ளே இறங்கும். அது எட்டிய இடத்தில் பிஎச் 9க்குக் கீழே போய்விடும். படலம் அழியும். அப்புறம் ஈரம் பட்டால் போதும். கடலோர வீடுகளில் இன்னொரு வில்லன், உப்பிலுள்ள குளோரைடு. அது காரம் குறையும்வரை காத்திருக்காது. நேராகப் படலத்தைத் துளைத்துவிடும்.

இவை கம்பியை எட்டாமல் தடுப்பது, கம்பிக்கு வெளியே நிற்கும் கான்கிரீட்டின் கனம்தான். 'கவர்' என்பார்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456இன்படி மழை, ஈரம் படாத இடத்தில் 20 மில்லிமீட்டர், மேஸ்திரி பாஷையில் முக்கால் இஞ்ச். கடற்காற்று நேராக அடிக்கும் இடத்தில் 45. கார்பனேற்றம் இறங்கும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டியது. அதனால் கவர் பாதியானால் பாதுகாப்புக் காலம் பாதியாகாது, கால்வாசியாகிவிடும். கம்பியை அந்த அளவு விலக்கி நிறுத்தும் கவர் பிளாக்கை வைக்காமல் கையில் கிடைத்த ஜல்லியைக் கம்பிக்கு அடியில் செருகுகிற வேலையின் விலை இது.

எங்கள் சன்ஷேடில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பலகையில் இழுபடுவது மேல்முகம். பிரதானக் கம்பி அங்கேதான் இருக்க வேண்டும். கான்கிரீட் கொட்டியபோது ஆட்கள் மிதித்து அடிக்கு இறக்கியிருக்கிறார்கள். அதை உடைத்துப் புதிதாகப் போட வேண்டியதாயிற்று.

மற்ற இடங்களில் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆனால் மேலே அப்புவது மட்டும் வைத்தியமாகாது. தொளதொளத்ததைக் கொத்தி எடுத்து, கம்பியின் பின்புறம்வரை திறந்து, பளபளக்கும்வரை துருவைத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். அதற்கு முன்பே மேலிருந்து கசியும் தண்ணீரை நிறுத்தியாக வேண்டும்.

ஐப்பசி மழைக்கு முன் சீலிங்கையும் சன்ஷேடின் அடியையும் ஒரு கம்பால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது. பானையைத் தட்டியதுபோல் பொள்ளலாகக் கேட்டால் அதற்கடியில் கட்டில் போடாதீர்கள். திறந்து பார்க்கையில் கம்பி இளைத்திருந்தால், கொத்தனாருக்கு முன் கட்டுமானப் பொறியாளரை அழையுங்கள்.